கயாக் சொன்ன பேச்சு கேட்கவில்லையா? கடலில் முதல் நாள் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

கருமேனியாறு கடலில் சேரும் மணப்பாட்டுக் கழிமுகத்திலும், அதற்குத் தெற்கே உவரி வரையிலான கரைக்கடலிலும் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் பழக வருகிறவர்களுக்குப் படகு தயார்செய்து கொடுப்பதும், கூடவே போய்க் கூட்டி வருவதும் என் வேலை. பாளையங்கோட்டையிலிருந்து வந்தாலும் தென்காசியிலிருந்து வந்தாலும் முதல் நாள் புகார்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். "எனக்குக் கையில் பலம் போதாது" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள், கால்மிதி எட்டாத தூரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் காற்று மாறியிருக்கும்.

அதனால் ஒவ்வொரு கோளாறுக்கும் செலவே இல்லாத காரணத்தை முதலிலும், காசு கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போய் வரிசையாகச் சோதியுங்கள். "எவ்வளவு துடுப்பு போட்டும் கரை கிட்ட வரவில்லை" என்ற பகுதியை மட்டும் தண்ணீரில் இறங்கும் முன்பே எல்லோரும் படித்துவிடுங்கள்.

கயாக் நேராகப் போகவில்லை

*எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது*

முதலில் கையைப் பாருங்கள். துடுப்பைத் தலைமேல் வைத்து இரு கையாலும் பிடித்தால் முழங்கை இரண்டும் செங்கோணத்தில் மடங்க வேண்டும். ஒரு கை நடுவை நோக்கி நழுவியிருந்தால் இரு பக்கத்து வீச்சும் சமமாக இருக்காது, படகும் ஒரு பக்கமே திரும்பும். துடுப்புத் தண்டில் இரு கைக்கும் அடையாளமாக இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் இந்தத் தொல்லை விட்டது.

அடுத்தது துடுப்பின் இலை. குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். இலையின் இரு விளிம்பில் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் குட்டையானது கீழே வர வேண்டும். இரண்டு துண்டாகக் கழற்றும் துடுப்பு என்றால் நடு இணைப்பில் கோண அளவு இருக்கும். முதல் நாளில் அதைப் பூஜ்யத்தில் வைத்து, இரண்டு இலையும் ஒரே வாக்கில் நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் உட்காரும் விதம். கண்ணாடி, பர்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் செருகியிருந்தால் படகு அந்தப் பக்கம் சாயும், சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். அசையாமல் உட்கார்ந்து, பின்னால் வருகிறவரிடம் படகு சாய்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், சுக்கான் வைத்த படகில் கம்பியைப் பார்க்க வேண்டும். கால்மிதி இரண்டையும் சமமாக வைத்துவிட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள். சுக்கான் நேராக நிற்காவிட்டால் ஒரு பக்கக் கம்பி தளர்ந்திருக்கிறது. அது பயிற்றுநர் கரையில் செய்யும் வேலை. கம்பி நார் பிரிந்திருந்தால் அன்று வேறு படகு கேளுங்கள்.

*காற்று வரும் பக்கமே மூக்கு திரும்புகிறது*

இது படகின் கோளாறு அல்ல. நீளமான கடல் கயாக் எல்லாமே பக்கவாட்டுக் காற்றில் இப்படித்தான் செய்யும். இருக்கைக்குப் பின்னால் அடியில் ஒரு சின்னத் தகடு இறங்கும், ஸ்கெக் என்பார்கள். அதைப் பாதி இறக்குங்கள். இன்னும் திரும்பினால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். மூக்கு காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கினால் இறக்கியது அதிகம், கொஞ்சம் ஏற்றுங்கள். ஸ்கெக் இல்லாத படகில் பொருட்களைப் பின்பக்கப் பெட்டிக்கு மாற்றினாலே பாதி சரியாகும்.

ஸ்கெக் இறங்கவே மறுத்தால் பிடியை அழுத்தித் தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி மடங்கிப் போகும், அது பெரிய செலவு. நம் கரையில் ஸ்கெக் மாட்டிக்கொள்வதற்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்தான்: படகை மணலில் இழுக்கும்போது சிப்பித் துணுக்கு அந்தப் பிளவுக்குள் ஏறிவிடுகிறது. தகட்டின் நுனியில் துளை போட்டு ஒரு சின்னக் கயிறு கட்டி வைப்பது இதற்காகத்தான். கூட வந்தவர் தண்ணீரிலேயே உங்கள் பின்முனைக்கு வந்து அந்தக் கயிற்றை மெதுவாக இழுத்தால் துணுக்கு விழுந்துவிடும். படகை இழுக்காமல் இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போனால் இந்த வேலையே வராது.

*இடமும் வலமுமாக ஆடுகிறது*

துடுப்பை இடுப்பைத் தாண்டிப் பின்னால் இழுக்கிறீர்கள். கால்விரல் அருகே இலையை முழுக்க மூழ்க வைத்து, இடுப்புக்கு நேராக வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டிய பிறகு வரும் ஒவ்வொரு சாணும் படகைத் திருப்பத்தான் உதவும். அடுத்து, கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படகின் மூக்கையே பார்க்கிறவர்களால் நேராகப் போக முடியாது. மணப்பாட்டில் என்றால் குன்றின் மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோயில், உவரியில் என்றால் கப்பல் மாதா கோயில், இப்படித் தூரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தாங்கவில்லை, கவிழ்ந்துவிடும் போல இருக்கிறது

கால்மிதிதான் முதல் சந்தேகம். உள்ளே கால் நீட்டி உட்காரும் படகில் பாதத்தின் முன்பகுதி மிதியில் பட்டு, முட்டி லேசாக மடங்கி, தொடை மேல்தட்டின் அடியில் பட வேண்டும். கால் தொங்கினால் படகுக்கும் உடம்புக்கும் பிடிப்பே இல்லாமல் போகும். கரையிலேயே உட்கார்ந்து சரிசெய்யுங்கள். தண்ணீருக்குள் போன பிறகு குனிந்து மிதியைத் தேடுகிறவர்கள்தான் அதிகம் கவிழ்கிறார்கள்.

இரண்டாவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை விறைப்பாக வைத்திருப்பது. இடுப்பை விட்டுக்கொடுத்து, படகு ஆடட்டும் என்று விட்டுவிட்டால் தலை நேராக நிற்கும். துடுப்பு தண்ணீரில் இருக்கும் வரை படகு நிதானமாக இருக்கும். பயந்து துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டால் ஆட்டம் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிலைக்கவில்லை என்றால் படகு உங்களுக்குக் குறுகலாக இருக்கிறது. அகலமான, மேலே உட்காரும் வகையைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். கழிமுகத்தின் அமைதியான தண்ணீரில் அந்தப் படகில் பழகியவர்கள்தான் பிறகு குறுகல் படகில் நன்றாகப் போகிறார்கள்.

அலைவாயில் புரட்டிப் போடுகிறது

போகும்போது புரட்டினால், அலைகளைப் பார்க்காமல் அவசரப்பட்டு ஏறியிருக்கிறீர்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் அடங்கும். கரையில் நின்று அந்த அடக்கத்தைக் கண்ணால் பிடித்த பிறகு இறங்குங்கள். மூக்கு அலைக்கு நேராக இருக்க வேண்டும். அலை மேலே வரும்போதும் துடுப்பை நிறுத்தக் கூடாது.

வரும்போது புரட்டினால், அலை பின்னாலிருந்து தள்ளிப் படகைக் குறுக்கே திருப்பியிருக்கும். அலை உடையும் இடத்துக்கு வெளியே காத்திருந்து, ஒரு அலையின் முதுகைப் பிடித்து அதன் பின்னாலேயே வாருங்கள். குறுக்கே திரும்பிவிட்டால் அலைப் பக்கம் சாய்ந்து துடுப்பை அதன்மேல் வையுங்கள். கரைப்பக்கம் குதிக்கவே கூடாது. தண்ணீர் நிறைந்த கயாக் அலையோடு வந்து காலில் மோதினால் எலும்பு தாங்காது. கவிழ்ந்தாலும் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். எப்போதும் கடல்பக்கம் நில்லுங்கள்.

காற்றே இல்லாத நாளில் பெரிய அலை வந்து அடித்தால் அது கள்ளக்கடலாக இருக்கலாம். தெற்கே வெகு தொலைவில் கிளம்பிய அலை இது, இங்கே வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது, நம் மாவட்டக் கரைக்கும் சேர்த்து. எச்சரிக்கை இருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம். 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவம் படித்த 5 பேரை அலை கொண்டுபோனது இப்படி ஒரு எச்சரிக்கை நாளில்தான். அவர்கள் படகு எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனவர்கள்கூட இல்லை.

எவ்வளவு துடுப்பு போட்டும் கரை கிட்ட வரவில்லை

ஆபத்து முழுக்க இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மணப்பாடு, குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர்க் கரை கிழக்கைப் பார்த்தது. கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும்போது அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று. கரை ஓரத்தில் அலையே எழாது, தண்ணீர் தகடாகக் கிடக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைத்தான் நல்ல நாள் என்று நினைக்கிறார்கள். போன வாரம்கூட ஒரு தம்பி, வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, கடல் இவ்வளவு அமைதியா கெடக்கே, எறங்கலாம்லா?"

"கரையில அமைதிதான் தம்பி. அந்தா அங்க பாரு, கருப்பா வரி ஓடுதுல்லா? கச்சான் எந்திரிச்சாச்சு. போவதுக்குத் துடுப்பே வேண்டாம், வாரதுக்குத்தான் ரெண்டு கை பத்தாது."

அவர் காட்டிய இடத்தில், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீரின் நிறம் திடீரென்று கறுத்து மேற்பரப்பு சொரசொரப்பாக மாறியிருந்தது. அந்தக் கோடுதான் சோதனை. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை நுரை தலைகாட்டினால் முதல் நாள் ஆட்களுக்குக் கடல் இல்லை. புதிதாகப் பழகுகிறவர் மணிக்கு 4, 5 கிலோமீட்டர்தான் போவார். அதையும் எதிர்க்காற்று தின்றுவிடும்.

கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு வழி உண்டு. வள்ளியூரிலிருந்து ராதாபுரம் வழியாக வருகிறவர்கள் காற்றாலைகளைப் பாருங்கள். விடிகாலையிலேயே எல்லா இறக்கையும் முழு வேகத்தில் சுற்றினால் கச்சான் பலமாக இருக்கிறது. இரண்டாவது, கைபேசியில் காற்று முன்னறிவிப்பு. திசையைப் பார்த்துவிட்டு அப்புறம் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் என்றால் நான் புதியவர்களைக் கழிமுகத்தை விட்டு வெளியே கூட்டிப் போவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலான நாள் கதை இதுதான். பிப்ரவரி, மார்ச் மாதக் காலைகள் பழகுவதற்குத் தோதானவை. அப்போதும் வெயில் ஏற ஏறக் கடல்காற்று எழும், ஒன்பது மணிக்குள் கரை ஏறிவிடுவது நல்லது.

இனி, ஏற்கெனவே கடலில் இருக்கிறீர்கள், கரை நெருங்கவில்லை. இப்படிச் சோதியுங்கள்.

உண்மையிலேயே நகரவில்லையா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மீன்பிடிக்கிறவர்கள் கணியம் பார்ப்பது போலக் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடையாளம் பிடியுங்கள், முன்னால் ஒரு பனை, பின்னால் ஒரு கோபுரம். இரண்டும் விலகி விலகிப் போனால் நீங்கள் பக்கவாட்டில் இழுபடுகிறீர்கள். அடையாளம் விலகாமல் சிறுத்துக்கொண்டே போனால் பின்னால் போகிறீர்கள்.

பக்கவாட்டு இழுப்பு என்றால் நீரோட்டம். நேர் எதிர்த்துப் போராட வேண்டாம். கரையைச் சாய்வாக நோக்கிப் போங்கள், ஏறும் இடம் அரை கிலோமீட்டர் தள்ளிப் போனால் போகட்டும், நடந்து வந்துவிடலாம். ஆற்றுவாயில் தண்ணீர் வெளியே ஓடும் நேரம் என்றால் ஓட்டத்தின் ஓரத்துக்கு நகருங்கள், அங்கே இழுப்பு குறைவு.

பின்னால் போகிறீர்கள் என்றால் காற்று. உடம்பை முன்னால் குனித்து, துடுப்பைத் தாழப் பிடித்து, குட்டையான வேகமான வீச்சாகப் போடுங்கள். நடுவில் நிறுத்தி இளைப்பாறினால் கடந்த தூரம் போய்விடும். பத்து நிமிடம் இப்படிப் போட்டும் அடையாளங்கள் பெரிதாகவில்லை என்றால் அதோடு சோதனை முடிந்தது, உதவி கேட்கும் நேரம் வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர்களோடு படகுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். விசிலை மூன்று முறை ஊதுங்கள், துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கி ஆட்டுங்கள். பைபர் படகில் மீன்பிடிக்கிறவர்கள் பார்த்துவிட்டால் வந்துவிடுவார்கள். கைபேசியில் 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம். கைபேசி தண்ணீர் புகாத உறையில் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். படகில் கட்டிவைத்த கைபேசி படகு விலகிய அன்று உதவாது.

படகை விட்டுவிட்டு நீந்தக் கூடாது. கரை கைக்கு எட்டும் தூரம்போலத் தெரிந்தாலும் கூடாது. கடலில் மனிதத் தலை கண்ணுக்குத் தெரியாது, கவிழ்ந்த மஞ்சள் கயாக் தெரியும்.

கவிழ்ந்துவிட்டேன், திரும்ப ஏற முடியவில்லை

லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறிவந்து தொல்லை தருகிறதா? பக்கவார் தளர்வு. இறங்கும் முன் ஒருவர் உங்கள் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும், மோவாயைத் தாண்டி வரக் கூடாது.

மேலே உட்காரும் படகு என்றால் முதலில் அதை நிமிர்த்துங்கள். அடிப்பாகத்தின் மேல் குறுக்கே எட்டி மறுபக்க வாரைப் பிடித்து, முட்டியை ஊன்றிப் பின்னால் சாயுங்கள். பிறகு நடுவில் இரு கையையும் வைத்து, காலை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து உதைத்து, வயிறு இருக்கையில் படும்படி குறுக்கே ஏறிப் படுங்கள். புரண்டு உட்காருங்கள், கடைசியில் காலை உள்ளே எடுங்கள். ஏற முடியாதவர்களில் பெரும்பாலோர் கால் கீழே தொங்கும் நிலையில் கையால் மட்டும் இழுக்கப் பார்க்கிறவர்கள். ஜீன்ஸ் போட்டு வந்தவர்கள் இன்னொரு வகை. ஈரமான ஜீன்ஸோடு யாராலும் ஏற முடியாது.

உள்ளே உட்காரும் படகில், தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றி மாட்டும் இடுப்பு மூடி போட்டிருந்தால் அதன் இழுகயிறு வெளியே தெரிகிறதா என்று இறங்கும் முன் தொட்டுப் பாருங்கள். கவிழ்ந்தால் முன்னால் குனிந்து, கயிற்றை முன்பக்கமாக இழுத்து, இடுப்பைத் தள்ளி வெளியே வர வேண்டும். இதைப் பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, நெஞ்சளவு தண்ணீரில் செய்து பார்க்காமல் ஆழத்துக்குப் போகாதீர்கள். திரும்ப ஏற இன்னொரு படகின் துணை வேண்டும். தனியாக முயல்வது முதல் நாள் வேலை அல்ல.

மூன்று முயற்சிக்கு மேல் வேண்டாம். களைப்பு உதவி கேட்கும் குரலையும் வாங்கிவிடும்.

கயாக் கனக்கிறது, உள்ளே தண்ணீர் சலசலக்கிறது

மேலே உட்காரும் படகில் இருக்கையில் தண்ணீர் நிற்பது இயல்பு, துளை வழியே வந்து போகும். கனமான ஆள் உட்கார்ந்தால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கவலைப்பட வேண்டியது உடலுக்குள் கேட்கும் சத்தம்.

கரைக்கு வந்து வரிசையாகப் பாருங்கள். பின்முனையில் வடிகட்டும் திருகு மூடி இறுகியிருக்கிறதா, அதன் ரப்பர் வளையம் இருக்கிறதா? காணாமல் போவது பெரும்பாலும் அந்த வளையம்தான். அடுத்து, பெட்டி மூடியின் விளிம்பில் மணல் ஒட்டியிருக்கிறதா? கழுவி மறுபடி மூடினால் சரி.

இரண்டும் நன்றாக இருந்தால் விரிசல். படகுக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, இரண்டு பேர் தூக்கிப் பிடித்து அங்குமிங்கும் சாயுங்கள். எங்கே வெளியே துளிர்க்கிறதோ அங்கே மார்க்கரால் வட்டம் போடுங்கள். அடிப்பாகத்தின் பின்பக்கமும் வடிதுளைகளின் விளிம்பும்தான் வழக்கமான இடம், இழுத்து இழுத்துத் தேய்ந்திருக்கும்.

பிளாஸ்டிக் படகில் பெவிகுயிக்கோ எம்-சீலோ பிடிக்காது, பாலிஎத்திலீன் அவற்றை ஏற்காது. நன்றாகக் காயவைத்து ஒட்டும் துணி டேப் போட்டால் கழிமுகத்தில் அன்றைக்கு ஒப்பேற்றலாம், கடலுக்குப் போகக் கூடாது. நிரந்தரமாகச் சரிசெய்ய பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். பைபர் கயாக் என்றால் நமக்குக் கவலை குறைவு. உவரி, கூத்தங்குழி பக்கம் வள்ளங்களுக்குப் பைபர் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் இது சின்ன வேலை.

படகு திடீரென்று நின்றுவிட்டது

வலையில் மாட்டியிருக்கிறீர்கள். சுக்கானையும் ஸ்கெக்கையும் தூக்கி, பின்பக்கமாகத் துடுப்பு போட்டு விலகுங்கள். கத்தியை எடுக்காதீர்கள், அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் சுற்றிப் போங்கள். கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தக் கரையில் இறங்காமல், எங்கே இறங்கலாம் என்று அங்கிருப்பவர்களிடமே கேளுங்கள். மேற்கே போகிறவர்கள் கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலுக்குள் நுழையக் கூடாது.

உடம்பு மறுக்கிறது

மணிக்கட்டு வலித்தால் பிடி இறுக்கம். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வளையமாகப் பிடித்தால் போதும், தள்ளும் கையின் மற்ற விரல்களைத் திறந்தே விடலாம். கால் மரத்தால் கால்மிதியை ஒரு பல் தள்ளி வையுங்கள். கீழ்முதுகு வலித்தால் முதுகுவாரை இறுக்கி நிமிர்ந்து உட்காருங்கள். குமட்டினால் தொடுவானத்தைப் பாருங்கள், துடுப்பு போட்டுக்கொண்டே இருங்கள். வாந்தி நிற்காவிட்டால் உங்களை இழுத்து வரச் சொல்லுங்கள்.

தோளில் வலி வந்தால் கை கண்மட்டத்துக்கு மேலே போகிறதா என்று பாருங்கள். அலை அடித்துத் தோளின் வடிவமே மாறி, கையைத் தூக்க முடியவில்லை என்றால் மூட்டு விலகியிருக்கலாம். துண்டால் தொட்டில் கட்டி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரையில் யாரும் இழுத்துச் சரிசெய்ய விடாதீர்கள், எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் எதுவும்.

வெயிலில் தலைவலியும் தலைசுற்றலும் வந்தால் நிழல், உப்பு சர்க்கரைக் கரைசல், ஈரத்துணி. பேச்சு குழறினால் உடனே 108.

சொறிமீன் பட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ மணல் போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். ஒட்டியிருக்கும் இழையைக் கையால் தொடாமல் எடுங்கள். கழிமுகத்தில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும். மிதித்துக் குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை வைத்து வலியைக் குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், முள் உள்ளே முறிந்திருக்கலாம். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ காத்திருக்காமல் 108.

கவிழ்ந்து தண்ணீர் குடித்தவர் கரைக்கு வந்து சிரித்துப் பேசினாலும் இருமல் நிற்கிறதா என்று பாருங்கள். இருமல் தொடர்ந்தாலோ, மூச்சு வேகமாக இருந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூக்கம் வந்தாலோ அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும். அவரைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். கூட ஒருவர் போக வேண்டும்.